குக்கீ ஒரு செருப்பு டோக்கன். யார் கொடுத்தது என்பதுதான் விஷயம்

கேள்வி இதுதான்: எந்தத் தளத்தைத் திறந்தாலும் "குக்கீகளை ஏற்கிறீர்களா" என்று ஒரு பெட்டி வந்து மறிக்கிறது. ஏற்றால் பாஸ்வேர்டு போய்விடுமா, இது வைரஸ் மாதிரி எதாவதா? தம்பி சொன்னான் என்று எல்லாக் குக்கீயையும் அழித்துவிட்டேன், இப்போது போகிற இடமெல்லாம் மறுபடி லாகின் கேட்கிறது, எதையாவது கெடுத்துவிட்டேனா?

எதையும் கெடுக்கவில்லை. வைரஸும் இல்லை. குக்கீ என்பது சில வரி எழுத்து, அவ்வளவுதான். அது தானாக ஓடாது, உங்கள் ஃபைல்களைத் துழாவாது. ஆனால் "அப்படியானால் ஒன்றுமில்லை" என்று விட்டுவிடவும் முடியாது. வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது, ஜனங்கள் அந்த அக்செப்ட் பட்டனைப் பார்த்துத் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள், லாகின் குக்கீயைப் பற்றி நினைப்பதே இல்லை. பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் குக்கீ எதற்கு என்று பார்க்கலாம். வெப் சர்வருக்கு, அதாவது தளத்தை வைத்திருந்து பக்கங்களை அனுப்பும் கம்ப்யூட்டருக்கு, பிறவியிலேயே ஞாபக மறதி. நீங்கள் ஒரு பக்கம் கேட்கிறீர்கள், அது அனுப்புகிறது, கதை முடிந்தது. அரை நொடி கழித்து அடுத்த பக்கம் கேட்டால் "யாருப்பா நீ" என்கிற நிலைமைதான். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி என்கிற விதிமுறையை அப்படித்தான் வகுத்தார்கள், ஒவ்வொரு கோரிக்கையும் தனி. வெறும் கட்டுரை படிக்க இது போதும். ஆனால் ஒரு சேலை பிடித்துப்போய் அதைக் கார்ட்டில் போட்டுவிட்டு அடுத்த சேலையைப் பார்க்கப் போனால், முதல் சேலையைப் போட்டவரும் இரண்டாவதைப் பார்ப்பவரும் ஒரே ஆள்தான் என்று சர்வருக்கு யார் சொல்வது? ஐபி முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். முடியாது. உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கும் ஐந்து பேருக்கும் வெளியே தெரிவது ஒரே ஐபி. மொபைல் நெட்டில் இன்னும் மோசம், ஏகப்பட்ட பேர் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்பார்கள், அதுவும் நடுவில் மாறிவிடும். உங்கள் கார்ட்டில் பக்கத்துத் தெருக்காரரின் சேலை வந்து விழும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி, கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் நடப்பதேதான். செருப்பைக் கொடுக்கிறீர்கள், ஒரு வில்லை தருகிறார், அதில் 47 என்று இருக்கும். அந்த வில்லையில் உங்கள் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, செருப்பு எத்தனை இன்ச் என்பதும் இல்லை. எல்லாம் அவர் பக்கத்து அலமாரியில் 47-ஆம் அறையில் இருக்கிறது. திரும்பி வந்து வில்லையை நீட்டினால் அவர் எடுத்துக் கொடுப்பார். குக்கீ அந்த வில்லை. கார்ட்டில் இருக்கும் சேலை, உங்கள் பெயர், விலாசம், பழைய ஆர்டர் எல்லாம் பெரும்பாலும் சர்வர் பக்கத்து அலமாரியில் இருக்கும். உங்கள் பிரவுசரிடம் இருப்பது எண் மட்டும்.

கம்பியில் போவதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும். நீங்கள் முதல்முறை தளத்தைத் திறந்ததும் சர்வர் பக்கத்தோடு சேர்த்து ஒரு தலைப்பு வரியும் அனுப்பும். தமிழில் எழுதிக் காட்டினால் "செட்-குக்கீ: அமர்வு=48213907; காலாவதி=30 நாள்" என்கிற மாதிரி. நிஜத்தில் அந்த எண் இன்னும் நீளமாக, யாரும் ஊகிக்க முடியாதபடி இருக்கும். பிரவுசர் அதை எழுதி வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அதே தளத்திடம் பக்கம் கேட்டாலும் படம் கேட்டாலும் "குக்கீ: அமர்வு=48213907" என்று ஒரு வரியை நீங்கள் கேட்காமலேயே, உங்களுக்குத் தெரியாமலேயே சேர்த்து அனுப்பிவிடும். சர்வர் 48213907-ஆம் அறையைத் திறந்து பார்க்கும், ஓ இவரா, வாங்க என்று உங்கள் பெயரோடு பக்கத்தைக் காட்டும். மொத்த ரகசியமும் இவ்வளவுதான். கூடவே ஒரு கண்டிப்பான விதி உண்டு: எந்த டொமைன், அதாவது எந்தத் தள முகவரி, கொடுத்ததோ அந்த டொமைனுக்கு மட்டும்தான் பிரவுசர் அந்தக் குக்கீயைத் திருப்பிக் காட்டும். மளிகைத் தளம் கொடுத்த குக்கீயை வங்கித் தளம் பார்க்க முடியாது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விளம்பரக்காரர்கள் இதை மீறாமலேயே எப்படி வளைத்தார்கள் என்பது பின்னால் வரும்.

உங்கள் கேள்வியின் பாதிக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. குக்கீயை அழித்ததில் வில்லைகளைத் தொலைத்திருக்கிறீர்கள், செருப்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மறுபடி லாகின் செய்தால் புது வில்லை கிடைக்கும், பழைய ஆர்டர் எல்லாம் அப்படியே இருக்கும். லாகின் செய்யாமல் கார்ட்டில் போட்டு வைத்திருந்தது மட்டும் போயிருக்கும்.

இதை முதலில் செய்தவர் லூ மொன்டுல்லி, வருஷம் 1994, வேலை பார்த்த இடம் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனம். எம்சிஐ என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்துக்கு இணையக் கடை ஒன்று தேவைப்பட்டது; வாங்கி முடிக்காத ஆட்களின் அரைகுறைக் கார்ட் விவரங்களைத் தங்கள் சர்வரில் சேர்த்து வைக்க அவர்களுக்கு விருப்பமில்லை, வாடிக்கையாளர் கம்ப்யூட்டரிலேயே வைக்க முடியுமா என்றார்கள். யுனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வேலை செய்யும் ஆட்கள் மத்தியில் "மேஜிக் குக்கீ" என்று ஒரு வழக்கு ஏற்கெனவே உண்டு, ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் கொடுத்து அப்படியே திருப்பி வாங்கும் துண்டுத் தகவலுக்கு அந்தப் பெயர். அதைத்தான் எடுத்துக்கொண்டார். பிஸ்கட்டுக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் கிடையாது. அந்த வருஷக் கடைசியில் வந்த நெட்ஸ்கேப் பிரவுசரிலேயே குக்கீ இருந்தது. அவர்கள் அதை முதலில் பயன்படுத்தியது தங்கள் தளத்துக்கு வருபவர் ஏற்கெனவே வந்தவரா, புதியவரா என்று தெரிந்துகொள்ள.

ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு நிரந்தர எண்ணைக் கொடுத்து, போகிற தளத்துக்கெல்லாம் அதைக் காட்டச் செய்வது இதைவிடச் சுலபமான வழி. மொன்டுல்லி அதை வேண்டாம் என்றார். அப்படிச் செய்தால் ஒரே எண்ணை வைத்து ஒருவர் இணையம் முழுக்க எங்கெங்கே போகிறார் என்று எல்லோரும் பின்தொடரலாம் என்பதுதான் காரணம். அதனால்தான் தளத்துக்குத் தளம் தனிக் குக்கீ. பின்தொடர்வதைத் தடுப்பதற்காகவே யோசித்து வடிவமைத்த சாமான் பின்தொடர்வதற்குப் பேர்போனது! தலைவிதி என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, தளங்கள் இதை வைத்து என்னதான் செய்கின்றன? லாகின், கார்ட் இரண்டும் சொல்லியாகிவிட்டது. தமிழா ஆங்கிலமா, வெள்ளைத் திரையா கறுப்புத் திரையா என்ற சின்னச் சின்ன விருப்பங்கள். செய்தித் தளம் "இந்த மாதம் உங்கள் இலவசக் கட்டுரைகள் முடிந்துவிட்டன" என்று சொல்கிறதே, பல இடங்களில் அந்தக் கணக்கும் ஒரு குக்கீயில்தான் ஓடும். புது போனில் வங்கிக் கணக்கைத் திறந்தால் கூடுதலாக ஒரு ஓடிபி கேட்கிறதே, பழைய போனில் "இது தெரிந்த சாதனம்" என்று அடையாளம் வைத்திருந்தது குக்கீயாகவோ அதுபோன்ற ஒன்றாகவோ இருக்கும். பத்து சர்வர் இருக்கும் தளத்தில் உங்களை ஒரே சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க ஒரு குக்கீ. பட்டன் பச்சையாக இருந்தால் அதிகம் பேர் அழுத்துகிறார்களா, சிவப்பாக இருந்தாலா என்று சோதிக்கும்போது நீங்கள் பச்சைக் கூட்டமா சிவப்புக் கூட்டமா என்று குறித்து வைக்க ஒன்று. அப்புறம், எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணும் கூகுள் அனலிடிக்ஸ் போன்றவை. அது வைக்கும் குக்கீயின் ஆயுள் 2 வருஷம் என்று எழுதியிருக்கும், ஆனால் குரோம் 2022 முதல் எந்தக் குக்கீயையும் 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

ஆயுள் என்றதும் ஒன்று. காலாவதித் தேதி எழுதாத குக்கீ பிரவுசரை மூடியதும் அழிந்துவிட வேண்டும் என்பது வழக்கம். ஆனால் "விட்ட இடத்திலிருந்து தொடர்க" என்ற செட்டிங்கைப் போட்டு வைத்திருந்தால் பிரவுசர் அதையும் சேர்த்துப் பத்திரப்படுத்திவிடும். வங்கித் தளம் ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் வெளியே தள்ளுவது வேறு கணக்கு. அங்கே உங்கள் வில்லை கையில் அப்படியேதான் இருக்கும், அவர்கள் அலமாரியைக் காலி செய்துவிட்டார்கள்.

வில்லையில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேனே, அதைக் கற்றுக்கொண்டது என் சொந்தத் தப்பில். சில வருஷம் முன்பு ஒரு ஜவுளிக் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தோம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடைக்காரரிடமிருந்து போன்: "தம்பி, ரெகுலரா வாங்குறவங்களுக்கெல்லாம் சைட் திறக்க மாட்டேங்குது, புதுசா வர்றவங்களுக்கு நல்லாத் திறக்குது." கேட்பதற்கே விநோதமாக இருந்தது, எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் ஒழுங்காகத்தான் திறந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் கடைக்காரரின் மனைவி லேப்டாப்பை வாங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. "சமீபத்தில் பார்த்தவை" என்று காட்டுவதற்காக, பார்த்த சேலைகளின் பெயர், விலை, பட முகவரி எல்லாவற்றையும் நான் குக்கீகளிலேயே எழுதி வைத்திருந்தேன். ஒரு குக்கீக்கு ஏறக்குறைய 4 கிலோபைட்தான் இடம் என்பதால் புத்திசாலித்தனமாக மூன்று நான்காகப் பிரித்து வேறு போட்டிருந்தேன். நிறையச் சேலை பார்க்கப் பார்க்க அது வீங்கிக்கொண்டே போனது; கூடவே விளம்பர ஆட்கள் சேர்த்த ஏழெட்டு குக்கீகள். ஒவ்வொரு கோரிக்கையோடும் இந்த மூட்டை முழுதும் போகிறது, எங்கள் சர்வர் 8 கிலோபைட்டுக்கு மேல் தலைப்பு வரியை ஏற்காது, "தலைப்பு பெரிசு" என்று கதவைச் சாத்திவிட்டது. அதிகம் சேலை பார்த்தவர்கள் யார்? அதிகம் வாங்குகிறவர்கள்தான். கடையின் நல்ல வாடிக்கையாளர்களாகத் தேடிப் பிடித்து விரட்டியிருக்கிறேன். அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சர்வருக்கு மாற்றிவிட்டுக் குக்கீயில் ஒரு எண்ணை மட்டும் விட்டேன். "இந்தத் தளம் மட்டும் திறக்கவில்லை, மற்றவர்களுக்குத் திறக்கிறது" என்றால் அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் அழித்துப் பாருங்கள் என்று கஸ்டமர் கேரில் சொல்வார்கள் இல்லையா, அது சும்மா சொல்வது இல்லை.

இனி எல்லோரும் பயப்படும் பகுதி. அம்மாவுக்கு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கலாம் என்று ஒரு தளத்தில் இரண்டு லிட்டர் கிரைண்டர் பார்த்தேன். அடுத்த பத்து நாள், செய்தி படிக்கப் போனால் கிரைண்டர், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் கிரைண்டர், ராசிபலன் பக்கத்திலும் கிரைண்டர். ஒரு தளத்தின் குக்கீ இன்னொரு தளத்துக்குத் தெரியாது என்றேனே, பின்னே இது எப்படி?

ஒரு பக்கம் திறக்கிறதென்றால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஒரு சர்வரிலிருந்து, வீடியோ வேறொன்றிலிருந்து, விளம்பரம் இன்னொன்றிலிருந்து வரும். கிரைண்டர் தளம் தன் பக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் துண்டு நிரலையோ, கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் புள்ளிப் படத்தையோ வைத்திருக்கும். அதைக் கொண்டுவர உங்கள் பிரவுசர் அந்த விளம்பர நிறுவனத்தின் சர்வரிடம் போய்க் கேட்கிறது. கேட்டதும் அந்த நிறுவனம் தன் பெயரில் ஒரு வில்லை கொடுத்துவிடுகிறது. இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. அடுத்து செய்தித் தளத்துக்குப் போகிறீர்கள், அங்கேயும் அதே நிறுவனத்தின் விளம்பரம். பிரவுசர் விதி தவறாமல், கொடுத்தவரிடமே வில்லையைக் காட்டுகிறது. எந்தத் தளத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதும் அந்தக் கோரிக்கையோடு சேர்ந்தே போகும்.

ஊரில் உள்ள ஒவ்வொரு கடையிலும் ஒரே கம்பெனியின் ஆள் ஒரு ஸ்டூலைப் போட்டு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில், மெடிக்கலில், நகைக்கடையில், ஜோசியர் வீட்டுத் திண்ணையில். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் வில்லையைக் காட்டுகிறீர்கள், "47 மெடிக்கலுக்கு வந்தார், சர்க்கரை மாத்திரை விசாரித்தார்" என்று எழுதிக்கொள்கிறார். கடைக்காரர்கள் தங்களுக்குள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நோட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். பெயர் தெரியாது, எண் மட்டும்தான் என்று சமாதானம் சொல்வார்கள். இந்தக் கடைகளில் ஏதோ ஒன்றில் நீங்கள் ஈமெயிலைக் கொடுத்து லாகின் செய்யும்வரை அது உண்மைதான்.

இதைப் பெரிய வியாபாரமாக்கியவர்களில் முன்னோடி டபுள்கிளிக், 1990-களின் நடுவிலேயே தொடங்கிய நிறுவனம். அதை வாங்கப் போவதாக 2007-ல் கூகுள் அறிவித்தபோது பேசிய விலை 310 கோடி டாலர். குக்கீ எண்களின் மேல் கட்டிய ஒரு நோட்டுக்கு அவ்வளவு மதிப்பு. இப்போது இன்னும் வேகம். நீங்கள் பக்கத்தைத் திறந்து எழுத்து வருவதற்குள், அந்த விளம்பரக் கட்டத்துக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏலம் நடந்து முடிந்துவிடும். பல கம்பெனிகள் "உன் 47-தான் என் 9012" என்று எண்களைப் பொருத்தி வைத்துக்கொண்டிருப்பார்கள். கிரைண்டரை நான் கடைசியில் பஜாரில் ஒரு கடையில் வாங்கினேன், ரொக்கம் கொடுத்து. அது நோட்டில் ஏறவில்லை. அதனால்தான் வாங்கி முடித்து மாவு அரைத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் கிரைண்டர் விளம்பரம் வந்தது. எல்லாம் தெரிந்த பூதம் என்று நினைக்காதீர்கள், நிறைய நேரம் அசட்டுத்தனமாகத்தான் நடந்துகொள்ளும்.

இப்படியாகும் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. 1997-ல் குக்கீக்கு முதல் அதிகாரபூர்வ விதிமுறை எழுதியபோதே, மூன்றாம் தரப்புக் குக்கீயை பிரவுசர்கள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்று எழுதினார்கள். நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் கண்டுகொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் கதவு சாத்தப்பட்டது, அதுவும் பாதி. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் முழுக்கத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2019-ல் தெரிந்த பின்தொடர்பவர்களைத் தடுக்கத் தொடங்கி, 2022-ல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி ஜாடி என்று பிரித்துவிட்டது. நோட்டுக்காரர் ஒவ்வொரு கடையிலும் உங்களுக்குப் புது எண் கொடுத்தாக வேண்டும், சேர்த்துப் பார்க்க முடியாது. குரோம்? 2020 ஜனவரியில் இரண்டு வருஷத்தில் எடுத்துவிடுவோம் என்றார்கள். தள்ளிப்போட்டார்கள், மறுபடி தள்ளிப்போட்டார்கள், 2024 தொடக்கத்தில் 1 சதவீதம் பேருக்கு நிறுத்திப் பார்த்தார்கள், அதே வருஷம் ஜூலையில் எடுக்கும் திட்டத்தைக் கைவிட்டார்கள். விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனியே பிரவுசரும் செய்தால் இப்படித்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையங்களின் நெருக்கடியும் காரணம் என்று அவர்கள் பக்கத்தில் சொல்வார்கள், அதிலும் உண்மை உண்டு.

அந்த மறிக்கும் பெட்டி வந்தது ஐரோப்பாவிலிருந்து. அவசியமில்லாத குக்கீக்கு முன்னாடியே சம்மதம் வாங்க வேண்டும் என்று 2009-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2018 மே மாதம் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் சம்மதம் என்றால் என்ன என்பது இறுகியது. ஏற்கெனவே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. ஏற்க ஒரு கிளிக், மறுக்க மட்டும் பல கிளிக் என்று வைத்திருந்ததற்காக 2022 ஜனவரியில் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டது. லாகின், கார்ட் மாதிரி அத்தியாவசியக் குக்கீகளுக்கு அங்கேயும் சம்மதம் தேவையில்லை. "ரிஜெக்ட் ஆல்" கொடுத்தாலும் தளம் வேலை செய்வது அதனால்தான். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை ஞாபகம் வைக்கவும் ஒரு குக்கீ வேண்டும். தினம் குக்கீயை அழிப்பவருக்குத் தினம் அந்தப் பெட்டி வரும்.

இதெல்லாம் தொந்தரவு, அந்தரங்கப் பிரச்சினை, கோபப்பட வேண்டியதுதான். ஆனால் உங்கள் கணக்கைப் பறிகொடுக்கச் செய்வது மூன்றாம் தரப்புக் குக்கீ இல்லை, நீங்கள் நம்பும் தளம் கொடுத்த லாகின் குக்கீ. செருப்பு டோக்கன்காரர் முகத்தைப் பார்த்தா செருப்பைக் கொடுக்கிறார்? வில்லையை யார் நீட்டினாலும் எடுத்துக் கொடுப்பார். லாகின் குக்கீயும் அப்படித்தான். பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் வாங்கிச் சரிபார்த்த பிறகு கொடுக்கப்படும் வில்லை அது. அதைத் திருடியவனிடம் மறுபடி பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

2010-ல் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்று ஃபயர்பாக்ஸுக்கு ஒரு சின்னக் கருவி செய்து வெளியிட்டார். காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்து அதை ஓட்டினால் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குப் படத்தோடு வரிசையாக வரும், கிளிக் செய்தால் உள்ளே போய்விடலாம். அப்போது பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்ற பக்கங்களைத் திறந்த தபால் அட்டை மாதிரி அனுப்பின, குக்கீ அதில் தெரிந்தது. பெரும்பாலான தளங்கள் பூட்டுப் படத்தோடு ஹெச்டிடிபிஎஸ்-க்கு மாறியதற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். அந்த வழி அடைபட்டதும் திருடர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூட்யூப் சேனல் பறிபோனது அப்படித்தான். விளம்பர ஒப்பந்தம் என்று மெயிலில் வந்த ஃபைலை ஊழியர் ஒருவர் திறந்தார், அது பிரவுசரில் இருந்த லாகின் குக்கீகளை வாரிக்கொண்டு போய்விட்டது. டெக்னாலஜியையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு அந்த நிலைமை.

தளம் செய்கிறவர்கள் பக்கத்தில் சில பூட்டுகள் உண்டு. ஹெச்டிடிபிஎஸ் இருந்தால் மட்டும் அனுப்பு என்று குக்கீயில் ஒரு குறி போடலாம். பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் கையில் இது சிக்கக் கூடாது என்று இன்னொரு குறி. வேறொரு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு இதைச் சேர்க்காதே என்று மூன்றாவது குறி. அது இல்லாத காலத்தில், வங்கிக் கணக்கில் லாகின் செய்துவிட்டு வேறு ஏதோ தளத்தைத் திறந்தால் அந்தத் தளம் உங்கள் பிரவுசரை வைத்தே வங்கிக்குக் கோரிக்கை அனுப்பிவிட முடியும், வில்லை தானாகக் கூடவே போய்விடுமே. 2020 முதல் குரோம் இந்த மூன்றாவது குறியைத் தளம் சொல்லாவிட்டாலும் தானே போட்டுக்கொள்கிறது. 2024-ல் விண்டோஸில் குக்கீயை வேறு புரோகிராம்கள் எளிதில் படிக்க முடியாதபடி குரோம் கூடுதலாகப் பூட்டத் தொடங்கியது. திருடர்களும் சும்மா இல்லை.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது: கிராக் செய்த சாஃப்ட்வேர் வேண்டாம், தெரியாத எக்ஸ்டென்ஷன் வேண்டாம். கணக்கில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் பாஸ்வேர்டு மாற்றுவதோடு நிற்காமல் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். அது அலமாரியையே காலி செய்வது, திருடன் கையில் இருக்கும் வில்லை வெறும் தகடாகிவிடும். பிரவுசிங் சென்டரில் அப்ளிகேஷன் போடப் போனால் மேலே எக்ஸ் அழுத்திவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள், லாக்-அவுட் கொடுத்துவிட்டு வாருங்கள்.

போகிற போக்கில் இரண்டு நம்பிக்கைகள். திரும்பத் திரும்பத் தேடினால் குக்கீ பார்த்து விமான டிக்கெட் விலையை ஏற்றுகிறார்கள் என்பார்கள். விலை மாறுவதற்கு வழக்கமான காரணம், அந்தக் கட்டணப் பிரிவில் இருந்த சீட்டுகள் தீர்ந்து அடுத்த பிரிவு திறப்பதுதான். இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாது என்பதும் தவறு. ஜன்னலை மூடியதும் அந்தக் குக்கீகள் அழியும், அவ்வளவுதான், உங்கள் இணைய நிறுவனத்துக்கும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். அப்புறம், ஆப்களுக்குள் பெரும்பாலும் இந்தக் குக்கீ விளையாட்டே இல்லை, போனுக்கென்று ஒரு விளம்பர எண் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் அதை போன் செட்டிங்ஸில் அழிக்கலாம்.

ஆக, அந்தப் பெட்டி வந்தால் நான் "ரிஜெக்ட் ஆல்" இருந்தால் அதை அழுத்துவேன், இல்லாவிட்டால் அவசரத்தில் அக்செப்ட் கொடுத்துவிட்டும் போவேன், தூக்கம் கெடாது. ஏனென்றால் குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தேர்டு பார்ட்டி குக்கீஸ் என்று போய் ஒரேயடியாகத் தடுத்து வைத்திருக்கிறேன். நோட்டுக்காரருக்கு வேறு குறுக்கு வழிகளும் உண்டு, பிரவுசரின் எழுத்துரு, திரை அளவு, இன்ன பிறவற்றைச் சேர்த்து ஆளை ஊகிப்பது போல. ஆனாலும் பெரிய ஓட்டை அடைபடுகிறது. ஏதாவது பழைய தளத்தில் பேமெண்ட் நடுவில் நின்றால் அந்தத் தளத்துக்கு மட்டும் திறந்துவிடுங்கள். தம்பி சொன்ன மாதிரி மொத்தமாக அழிக்க வேண்டியதில்லை. அதே செட்டிங்ஸில் தளம் தளமாகப் பட்டியல் இருக்கும், அதில் நீங்கள் போனதே இல்லாத பெயர்களாக நிறைய தெரியும். அழிப்பதென்றால் அவற்றை அழியுங்கள்.